எழுத்தும் அழுத்தும்

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு முப்பது ஆகவில்லை.

இது நடந்தது பாளையங்கோட்டையில், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில். இரண்டு அறைகள். ஒன்றில் நாங்கள் மூன்று பேர், மூன்று கணினிகள். இன்னொன்றில் வீட்டுக்காரருடைய பழைய பீரோக்கள். மழை வந்தால் ஒழுகும் இடத்தில் ஒரு சிவப்பு வாளி. இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பெரிய பெரிய அலுவலகங்களில், முதுகை நிமிர்த்தி வைக்கும் நாற்காலிகளில் எல்லாம் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அந்த மாடி மாதிரி எனக்கு இன்னோர் இடம் வாய்க்கவில்லை. நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்வதற்கு என்ன வெட்கம்?

குருவின் பெயர் மைமூன். மேலப்பாளையத்துக்காரி. இன்று அவளைத் தெரிந்தவர்கள் எல்லாம் 'அவர்' என்றுதான் சொல்வார்கள். கூடவே உட்கார்ந்து வேலை பார்த்தவன் என்ற உரிமையில் நான் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

சீடர் சிதம்பரதாணு ஐயா. இருபத்தெட்டு வருடம் தமிழாசிரியராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர். யாரிடம் கற்றுக்கொள்ள வந்தார் என்பதுதான் வேடிக்கை. மைமூனுக்கு ஒன்பதாம் வகுப்பில் தமிழ் எடுத்தவரே அவர்தான்.

அதனால் தினமும் காலையில் எங்கள் அறையில் ஒரு கூத்து நடக்கும். மைமூன் உள்ளே வந்தால், குருவாயிற்றே என்று ஐயா எழுந்து நிற்பார். ஐயா நிற்கிறாரே என்று மைமூன் உட்கார மாட்டாள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றுகொண்டிருப்பார்கள்.

"உக்காருங்கப்பா ரெண்டு பேரும். பாக்குத எனக்குக் கால் வலிக்கு" என்று நான் சொன்ன பிறகுதான் வேலை தொடங்கும்.

மைமூனுக்குப் பேச்சு லேசாகத் திக்கும். பேசிக்கொண்டே வருகையில் ஏதாவது ஓர் எழுத்தில் நின்றுவிடுவாள். கொஞ்ச நேரத்தில் தானாக வந்துவிடும். நான் சும்மா இருப்பேன். ஐயாவால் அது முடியாது. அவள் எங்கே நின்றாலும் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவார். அன்பாகத்தான் கொடுப்பார். அவளும் தலையை ஆட்டி வாங்கிக்கொள்வாள்.

நாங்கள் எழுதிக்கொண்டிருந்தது ஒரு லைப்ரரி. மற்றவர்கள் புரோகிராம் எழுதும்போது அப்படியே எடுத்து அடியில் வைத்துக்கொள்ளக்கூடிய ஆயத்தப் பகுதி. அதற்கு 'விரல்' என்று பெயர் வைத்திருந்தோம். ஐயா வைத்த பெயர். கீபோர்டை அழுத்தினாலும் மௌஸை நகர்த்தினாலும், இன்னது நடந்தது என்று மேலே உட்கார்ந்திருக்கும் புரோகிராமுக்குச் சொல்ல வேண்டும். அப்படி நடந்த ஒவ்வொன்றையும் நிகழ்வு என்போம். அதற்கு மேல் 'விரலு'க்கு வேலை கிடையாது. அந்த ஒரு சேதியை ஒழுங்காகச் சொல்ல வைப்பதற்கு மூன்று பேர் ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

கீபோர்டுப் பகுதியை எழுதும் வேலையை மைமூன் ஐயாவிடம் கொடுத்தாள்.

ஐயா கேட்டார். "நிகழ்வு நிகழ்வுங்கோமே, நிகழ்வுன்னா என்னம்மா?"

மைமூன் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து வெளியே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு தட்டப்பட்டது.

"யாரு?" என்றார் ஐயா.

ஐயா போய்த் திறந்தார். மைமூன்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன நடந்துச்சு, ஐயா?"

"நீ வந்திருக்க."

"அது கதவைத் திறந்த பொறவு. அதுக்கு முன்ன?"

"தட்டுன."

"எத்தனை தட்டு?"

ஐயா என்னைப் பார்த்தார். "மூணு" என்றேன் நான்.

"நான் எண்ணலையேம்மா."

"எண்ணுங்க, ஐயா. அது போதும்" என்று சொல்லிவிட்டு மைமூன் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

ஐயா அன்று மாலை வரை பிரமாதம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் விளங்கிவிட்டது என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம் மைமூனின் தங்கைக்குக் காயல்பட்டினத்தில் கல்யாணம். இரண்டு வாரம் விடுப்பில் போனாள். முதல் வாரத்திலேயே ஐயா தன் பகுதியை எழுதி முடித்தார். அச்செடுத்து, விடைத்தாள் மாதிரி நூல் கட்டி, என் மேஜையில் வைத்தார்.

அழகான நிரல் அது. இன்றைக்கும் சொல்வேன். வரிக்கு வரி விளக்கம் எழுதியிருந்தார், அதுவும் சந்திப் பிழை இல்லாமல். நிகழ்வுக்கு 'எழுத்து' என்று பெயர் கொடுத்திருந்தார். க அடித்தால் மேலே 'க' என்று போகும். ம அடித்து, பிறகு புள்ளி அடித்தால் மேலே 'ம்' என்று போகும். நடுவில் ஒரு காவல்காரனையும் நிறுத்தியிருந்தார். உயிரெழுத்துக்குப் பின்னால் புள்ளி வந்தால், அல்லது முன்னால் எழுத்தே இல்லாமல் புள்ளி மட்டும் வந்தால், காவல்காரன் அதை வாசலிலேயே தடுத்து விரட்டிவிடுவான்.

"ஏன்யா விரட்டணும்?" என்று கேட்டேன்.

"மெய்யில்லாம புள்ளி ஏது, சுடலை? தலையில்லாத எடத்துல தொப்பியா?"

சிரித்தேன். சோதித்துப் பார்க்கும் வேலை என்னுடையது. நாள் முழுக்க அடித்துப் பார்த்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. எழுத்தை அடித்துவிட்டுப் புள்ளி அடிப்பதுதான் என் பழக்கமும். வெள்ளோட்டத்துக்கு அனுப்பிவிட்டேன். ஆகவே பின்னால் நடந்ததில் எனக்கும் சரிபாதிப் பங்கு உண்டு.

வெள்ளோட்டம் தெற்கு பஜார் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில். கோயில் கொடை விழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி எல்லாம் அடிக்கும் இடம். அங்கே எஸ்தர் அக்கா இருபத்திரண்டு வருடமாகத் தமிழ்த் தட்டச்சுப் பொறியில் அடித்துக்கொண்டிருந்தார். முதலாளி கணினி வாங்கிப் போட்டுவிட்டார். அக்காவுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று, பொறியில் எந்த எழுத்து எங்கே இருந்ததோ, கணினியிலும் அங்கேயே வருகிற மாதிரி செய்து கொடுத்திருந்தோம். எங்கள் கரிசனத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

திங்கட்கிழமை போன் வந்தது. ஐயாதான் எடுத்தார்.

"ஐயா, புள்ளி விழ மாட்டேங்கு."

"எப்படி அடிக்கீங்க?"

"எப்பவும் போலத்தான் அடிக்கேன்."

"எழுத்தை முதல்ல அடிங்கம்மா. பொறவு புள்ளி. முறை அதானே?"

"சரிங்கய்யா."

செவ்வாய்க்கிழமையும் வந்தது. புதன்கிழமையும் வந்தது. ஐயா ஒருமுறை கூடக் கோபப்படவில்லை. மெய்யெழுத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பாடமே எடுத்தார். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்திலிருந்து 'சரிங்கய்யா' என்ற பதில் மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் எஸ்தர் அக்கா நேரிலேயே வந்துவிட்டார். அன்றைக்குத்தான் மைமூனும் ஊரிலிருந்து திரும்பியிருந்தாள். கொண்டுவந்திருந்த கல்யாண அல்வாவை மூன்று பேரும் பிரித்துத் தின்றுகொண்டிருந்தோம்.

அக்காவுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். இன்னொரு கையில் நான்காக மடித்த தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு முதலாளி பக்கத்துல நின்னு பாப்பாராம். ஒரு பக்கம் பிழையில்லாம வந்தா நான் இருக்கலாம். இல்லன்னா திங்கக்கிழமையில இருந்து கம்ப்யூட்டர் சென்டர்ல படிச்ச பிள்ளை ஒண்ணு வருதாம்" என்றார்.

மைமூன் கையில் இருந்த அல்வாவைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பிள்ளை மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. என் கைக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சு, தம்பி. இருவத்திரண்டு வருசம் அடிச்ச கை. நேத்து என் பேரையே தப்பா அடிக்கேன், பாருங்க."

தாளை விரித்தார். எஸ்தர் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'எஸத்ர' என்று இருந்தது. கண்ணன் என்பது 'க்ணண்ன' என்று இருந்தது. அம்மா என்பது 'அமமா'. புள்ளி ஒன்று காணாமல் போயிருந்தது, அல்லது முந்தின எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்திருந்தது. பக்கம் முழுக்க அப்படித்தான்.

ஐயாவின் கை தானாகச் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவுக்குப் போனது. மைமூன் அதைப் பார்த்தாள். எழுந்து போய், ஐயாவின் கணினித் திரையைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"அக்கா, உக்காந்து அடிங்க. கண்ணன்னு அடிங்க. உங்க கை எப்படிப் போவுமோ அப்படி."

எஸ்தர் அக்கா அல்வாவை வாயில் போட்டுக்கொண்டு, கையைச் சேலையில் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, நீங்க விரலைப் பாத்து என்ன நடக்குதுன்னு சொல்லுங்க. சுடலை, நீ எழுது."

அக்கா அடித்தார். ஐயா சொன்னார். "க. அப்புறம் ண்..."

"விரலைப் பாருங்க, ஐயா."

அக்கா மறுபடி அடித்தார். ஐயா குனிந்துகொண்டார். "க... கீழ போச்சு. மேல வந்துச்சு. அடுத்து..." ஐயா நிறுத்திவிட்டார். "அடுத்து புள்ளியல்லா அடிக்கீங்க? ண எங்க?"

"இனிமேத்தான் வரும்" என்றார் எஸ்தர் அக்கா.

"புள்ளிய ஏன் முதல்ல அடிக்கீங்க?"

அக்கா, இது கூடவா தெரியாது என்பது போல் அவரைப் பார்த்தார். "மிஷின்ல எழுத்தை அடிச்சா, தாள் மாட்டுன வண்டி நகந்துரும்லா, ஐயா. புள்ளிய அடிச்சா நகராது. புள்ளி அங்கனயே நிக்கும். எழுத்து வந்து அதுக்குக் கீழ உக்காரும். பொறவுதான் வண்டி போவும். எழுத்தை முதல்ல அடிச்சா, புள்ளி வெறும் எடத்துலல்லா போய் விழும்?"

"இதை நீங்க போன்ல சொல்லலையே."

"நீங்க பெரியவங்க, படிச்சவங்க. நீங்க ஒண்ணு சொல்லும்போது நான் எப்படிக் குறுக்க பேச?"

ஐயா நிமிர்ந்தார். "இருவத்தெட்டு வருசம் தமிழ் எடுத்தேன். இது எனக்குத் தெரியாது" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னார்.

மைமூன் நூல் கட்டிய தாள்களை என் மேஜையிலிருந்து எடுத்தாள். முதல் பக்கத்தில் 'எழுத்து' என்று இருந்தது. பென்சிலால் 'எ'வை மட்டும் அடித்துவிட்டு, மேலே 'அ' என்று எழுதினாள். ஐயாவிடம் நீட்டினாள்.

அழுத்து.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயா சிரிக்கவில்லை.

"எழுத்து மேல இருக்கவங்க வேலை, ஐயா. நம்ம வாசலுக்கு வாரது அழுத்துதான். எந்த விசை, கீழ போச்சா மேல வந்துச்சா, எப்போ. அதைச் சொன்னாப் போதும்."

"அந்தக் காவலு?"

"வேண்டாம்."

"அப்போ முறையில்லாம வாரதையும் அப்படியே மேல அனுப்பணுமா? எவனாவது ஒருத்தன் எந்திச்சு நின்னு தப்பாச் சொன்னா, வாத்தியார் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணுமா? என்னால முடியாதும்மா. எஸ்தருக்கு வேணும்னா தனியா ஒண்ணு செஞ்சு குடுப்போம். காவலை எடுக்காதே."

"தனியா செய்ய நாளைக்குள்ள முடியாது, ஐயா. அக்காவோட புள்ளி வாசலைத் தாண்டி வந்தாத்தான் நான் மேல எதுவும் செய்ய முடியும்."

"தப்பு தப்புதானேம்மா."

"தப்புன்னு எப்போ தெரியும்? கேட்டு முடிச்ச பொறவா, முன்னயா?"

"எனக்கெல்லாம் பாதி கேட்டாலே தெரிஞ்சிரும்" என்றார் ஐயா. அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. எஸ்தர் அக்கா பக்கம் திரும்பினார். "இவளையே கேளுங்க. ஒன்பதாம் வகுப்புல, பெரியவங்களாயி என்ன ஆவப்போறீங்கன்னு ஒவ்வொருத்தரா எழுப்பிக் கேட்டேன். இவ எந்திச்சு நின்னா. 'நான் ஆ... ஆ...'ன்னு நின்னுட்டா. பிள்ளைங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் விடுவனா? 'ஆசிரியை! ரொம்ப நல்லது, உக்காரு'ன்னேன். வகுப்பே கை தட்டுச்சு. இன்னிக்குப் பாருங்க, எனக்கே ஆசிரியையா நிக்கா."

இந்தக் கதை எனக்கு மனப்பாடம். தன் பிரிவு உபசார விழாவிலேயே சொல்லிக் கண்கலங்கியவர் அவர். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மைமூன் லேசாகச் சிரித்துவிட்டுத் திரைக்குத் திரும்பிவிடுவாள்.

அன்று சிரிக்கவில்லை.

"ஐயா, அன்னிக்கு நான் சொல்ல வந்தது அது இல்ல."

"பின்ன?"

"ஆ..." என்றாள். நின்றுவிட்டாள். "ஆ..."

ஐயாவின் உதடு அசைந்தது. மைமூன் ஒரு கையை உயர்த்தினாள். அவள் அப்படிச் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஐயா வாயை மூடிக்கொண்டார்.

காத்திருந்தோம். கீழே கடையில் யாரோ கண்ணாடி போட்டுக்கொண்டு பலகையில் இருந்த எழுத்துகளை வரிசையாகப் படிப்பது கேட்டது. அது முடிந்தும் அவளுக்குச் சொல் வரவில்லை. அவ்வளவு நேரம் யாரும் அவளுக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

"ஆட்டோ" என்றாள். "எங்க வாப்பா மாதிரி ஆட்டோ ஓட்டணும்னு சொல்ல வந்தேன்."

வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

"நீ ஏன் அன்னிக்கே சொல்லலை?" என்று கேட்டார் ஐயா. குரல் சன்னமாக இருந்தது.

"அதான் கை தட்டிட்டாங்களே, ஐயா."

ஐயா மைமூனின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாயங்காலம் வாப்பா வந்து, ஸ்கூல்ல என்ன சொன்னன்னு கேட்டாங்க. ஐயா சொன்னதைத்தான் சொன்னேன். தெருவுக்கே மிட்டாய் வாங்கிக் குடுத்தாங்க. அதுக்குப் பொறவு எனக்கு மாத்திச் சொல்ல மனசு வரலை. இப்போ வாப்பா இல்ல. நான் சொல்ல வந்ததை அவங்க கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு பிழையை எந்த வரியில் இருக்கிறது என்று காட்டும்போது எப்படிச் சொல்வாளோ, அப்படியே சொன்னாள். எஸ்தர் அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐயா எழுந்தார். சுவர் பக்கம் திரும்பியிருந்த திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எஸ்தர் அக்கா நாற்காலியை விட்டுக்கொடுத்தார். காவல்காரன் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு வரி. ஒரே அமுக்கில் அழித்திருக்கலாம். ஐயா ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்து அழித்தார். நான் பார்க்காதது போல் வேறு வேலை செய்துகொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. மைமூன் அவருக்காக ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலத்துக்குள் 'விரல்' எழுத்தை மறந்துவிட்டது. எந்த விசை கீழே போனது, எப்போது மேலே வந்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்தது. மேல் பகுதியை மைமூன் எழுதினாள். புள்ளி முதலில் வந்தால் அதை விரட்டாமல் கையில் வைத்துக்கொள்ளும். அடுத்த எழுத்து வந்ததும் அதன் தலையில் வைக்கும். என்னை மாதிரி எழுத்தை முதலில் அடிப்பவர்களுக்கு வேறு முறை. எந்த முறை வேண்டும் என்று அடிப்பவரே சொல்லிவிடலாம். சனிக்கிழமை மதியம் வரை நான் அடித்து அடித்துப் பார்த்தேன். இந்த முறை புள்ளியை முன்னால் போட்டும் அடித்துப் பார்த்தேன்.

எஸ்தர் அக்கா அதற்குப் பிறகு பதினான்கு வருடம் அந்த அச்சகத்தில் வேலை பார்த்தார். இந்த முடிவை மறைத்து வைத்து உங்களைத் தவிக்கவிடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் சனிக்கிழமை நான்கு மணிக்கு அது எங்களுக்குத் தெரியாது. ஸ்கூட்டரில் நானும் ஐயாவும், பின்னால் சைக்கிளில் மைமூனும் கொஞ்சம் முன்னாலேயே போய்ச் சேர்ந்து, 'விரலின்' புது வடிவத்தை அக்காவின் கணினியில் ஏற்றினோம்.

முதலாளி நல்ல மனிதர். எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். ஒரு கொடை நோட்டீஸை எடுத்து அக்காவின் முன்னால் வைத்துவிட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அவர் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"ஆரம்பிங்க எஸ்தர்."

நோட்டீஸ் 'அன்புடையீர்' என்று தொடங்கியது. அக்கா அ அடித்தார். திரையில் அ வந்தது. அடுத்து விரல் புள்ளிக்குப் போனது. அழுத்தினார். எடுத்தார்.

திரையில் ஒன்றும் வரவில்லை.

அக்காவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. ஒரு வாரமாக இந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டுப் போய்க்கொண்டிருந்தது.

முதலாளி குனிந்து பார்த்தார். "என்ன, ஒண்ணையும் காணலையே. போச்சா?"

நான் மைமூனைப் பார்த்தேன். மைமூன் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். முதல் எழுத்திலேயே சொல் நின்றுகொண்டது.

ஐயா முதலாளியின் கையை மெதுவாகத் தொட்டார்.

"வந்திருக்கு சார்."

"எங்க? காணுமே?"

"கொஞ்சம் இருங்க. அவங்க இன்னும் முடிக்கல."

அதற்கு மேல் ஐயா பேசவில்லை. எஸ்தர் அக்காவிடமும் ஒன்றும் சொல்லவில்லை, மைமூனுக்கும் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.